சுற்றுக்கு வந்த கடிதம்

எங்கள் கல்லூரியில் சுற்றறிக்கை ஒரு நீளமான பதிவேட்டில் வரும். அலுவலக உதவியாளர் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வகுப்பு வகுப்பாக நடப்பார். அவர் வாசலில் நின்றதும் பாடத்தை நிறுத்திவிட்டு, பெயருக்கு நேரே கையெழுத்துப் போட வேண்டும். பாதி நேரம் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படிப்பதில்லை. அந்தக் கையெழுத்துக்குப் பொருள் ‘பார்த்தேன்’ என்பது மட்டுமே. ஆனால் ஏதாவது பிரச்சினை என்று வரும்போது, ‘ஒப்புக்கொண்டுதானே கையெழுத்துப் போட்டீர்கள்’ என்று கேட்பார்கள். பார்த்ததற்கும் ஒப்புக்கொண்டதற்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைச் சுற்றறிக்கை அனுப்புகிறவர்கள் ஒருபோதும் கண்டுகொள்வதில்லை.

போன ஆண்டு ஆய்வேட்டுக்காகக் கிறித்தவத் தமிழ் உரைநடையை எடுத்துக்கொண்ட முதுகலை மாணவி ஒருத்தி கேட்டாள்: “அம்மா, போப் எழுதுறாரே என்சைக்ளிக்கல்னு, அது நம்ம சர்க்குலர் மாதிரியா?” சிரித்துக்கொண்டே ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் போகும் பேருந்தில்தான் அந்தப் பதிலில் எவ்வளவு சரி, எவ்வளவு தப்பு என்று யோசிக்க ஆரம்பித்தேன். யோசிக்க யோசிக்க அது என் அம்மாவின் காலடியில் கொண்டுபோய் விட்டது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழ்த் திருச்சபை அதைச் சுற்றுமடல் என்கிறது. நல்ல சொல். கிரேக்க மூலத்திலும் வட்டம், சுற்று என்பதுதான் பொருள். ஆதிச் சபைகளில் ஓர் ஊர் ஆயர் எழுதிய கடிதத்தை அடுத்த ஊரில் வாசித்து, படியெடுத்து, அதற்கடுத்த ஊருக்கு அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் அது கைமாறிக் கைமாறிப் போன கடிதம். பிற்பாடு அது ரோமில் தொடங்கி உலகெங்கும் இறங்கி வருவதாக மாறியது. இன்றைய வடிவத்தைத் தொடங்கிவைத்தவர் பதினான்காம் பெனடிக்ட், 1740-ல். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பெனடிக்டை ஆசீர்வாதப்பர் என்பார்கள். லியோவைச் சிங்கராயர் என்பார்கள். பவுலைச் சின்னப்பர் என்பார்கள். ரோமாபுரியின் அதிகாரத்தை எங்கள் தெருவின் தாத்தாக்களாக மாற்றிவிடும் அந்தப் பெயர்கள் எனக்கு இப்போதும் பிடிக்கும்.

சுற்றுமடலுக்குத் தனியே தலைப்பு வைப்பதில்லை. மடல் தொடங்கும் முதல் சொற்களே அதன் பெயர். பெரும்பாலும் லத்தீன் சொற்கள். ஆத்திசூடிக்கும் கொன்றை வேந்தனுக்கும் அப்படித்தானே பெயர் வந்தது என்று என் மாணவிகளுக்குச் சொல்வேன். அந்த ஒப்புமை அத்தோடு நின்றுவிடுகிறது. அங்கே அறம் சொன்னவள் ஔவை. இங்கே இருநூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேலாக வந்த மடல்களில் ஒன்றில்கூடப் பெண் கையெழுத்திட்டதில்லை; இட முடியாது.

எல்லாப் போப் கடிதமும் சுற்றுமடல் ஆகிவிடாது. திருத்தூது மடல், திருத்தூது ஊக்கவுரை என்று படிகள் உண்டு. அவற்றில் சுற்றுமடலுக்கு எடை அதிகம். இந்தப் படிகளைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் சுவையான செய்தி கிடைக்கும். பதின்மூன்றாம் லியோ எழுதிய எண்பதுக்கும் மேற்பட்ட சுற்றுமடல்களில் பத்துக்கும் மேற்பட்டவை மாதாவின் செபமாலையைப் பற்றியவை. இரண்டாம் ஜான் பால் 14 சுற்றுமடல்கள் எழுதினார். அவற்றில் ஒன்று, 1987-ல் வந்தது, மாதாவைப் பற்றியது. அடுத்த ஆண்டே அவர் பெண்ணின் மாண்பைப் பற்றித் தனியாக ஒன்று எழுதினார். அது சுற்றுமடலாக வரவில்லை, ஒரு படி கீழே திருத்தூது மடலாக வந்தது. மாதாவுக்குக் கிடைத்த படி மற்றப் பெண்களுக்குக் கிடைக்கவில்லை.

இந்த மடல் ஒரு விசுவாசியை எந்த அளவுக்குக் கட்டும்? போப் தவறிழைக்காவரம் கொண்டவர் என்று 1870-ல் வரையறுத்தார்கள். ஆனால் அந்த வரத்தைப் பயன்படுத்துகிறேன் என்று வெளிப்படையாக அறிவித்துப் பேசினால்தான் அது செல்லும். அதற்குப் பிறகு அப்படிப் பேசியது ஒரே தடவை, 1950-ல், மாதாவின் விண்ணேற்பைப் பற்றி. அதுவும் சுற்றுமடலில் அல்ல. ஆக, சுற்றுமடல் தவறவே முடியாத வாக்கு அன்று. அதே 1950-ல் பன்னிரண்டாம் பயஸ் ஒரு சுற்றுமடலில் இன்னொன்றும் சொன்னார்: விவாதத்தில் இருக்கும் ஒரு பொருளைப் பற்றிப் போப் இப்படியொரு மடலில் முடிவு சொல்லிவிட்டால், இறையியலாளர்கள் அதை மேற்கொண்டு தாராளமாக விவாதித்துக்கொண்டிருக்க முடியாது. தவறக்கூடியது, ஆனாலும் விவாதிக்கக் கூடாதது. எங்கள் பதிவேட்டின் ‘பார்த்தேன்’ கையெழுத்து இங்கேதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

அம்மா தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் வாரியவள். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். நான்கு பிள்ளைகளில் நான் கடைக்குட்டி, 1978-ல் பிறந்தவள். என்னைப் பெறும்போது அம்மாவுக்கு ரத்தம் நிற்கவில்லை. இன்னொன்று என்றால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று சொல்லி, அரசு மருத்துவமனையிலேயே குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தார்கள். அம்மா சம்மதித்துத்தான் செய்துகொண்டாள். உடம்பு தேறிப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது அதைச் சொன்னாள். சாமியார் என்ன சொன்னார் என்று அவள் முழுதாகச் சொன்னதில்லை. அதற்குப் பிறகு பதின்மூன்று ஆண்டுகள் அவள் நன்மை வாங்கவில்லை.

பூசைக்குப் போகாமல் இருந்ததில்லை. ஞாயிறு விடியற்காலைப் பூசைக்கு எங்களைக் குளிப்பாட்டி, தலைவாரிக் கூட்டிப் போவாள். நன்மை நேரத்தில் எல்லாரும் எழுந்து வரிசையில் போவார்கள். அம்மா மட்டும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையில் அப்படியே உட்கார்ந்திருப்பாள். என் புதுநன்மையன்று வெள்ளைக் கவுனும் பூமுடியுமாக நான் பீடத்திலிருந்து திரும்பி வந்தபோது பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அவள் ஒருத்திதான். “நீ ஏன்மா வரல?” என்று கேட்டேன். “வயிறு சரியில்ல” என்றாள். அது பொய் அல்ல என்று புரிய எனக்கு இருபது வருடம் ஆயிற்று.

அம்மாவை உட்காரவைத்த மடலின் பெயர் ஹுமானே வீட்டே. 1968 ஜூலை 25 தேதியிட்டது, எழுதியவர் ஆறாம் பவுல். அம்மா அதைப் படித்ததில்லை, அப்படியொரு கடிதம் இருப்பதே அவளுக்குத் தெரியாது. லத்தீனில் எழுதி, ஆங்கிலத்தில் வந்து, பிரசங்கத்தில் இரண்டு வரியாகச் சுருங்கி, பாவசங்கீர்த்தனத் தொட்டியின் சல்லடை வழியாக ‘அது சாவான பாவம்’ என்ற மூன்று சொல்லாக அவள் காதில் விழுந்தது. சுற்றுக்கு விட்ட கடிதம் சுற்றி முடியும்போது இப்படித்தான் ஆகிவிடுகிறது. கடிதம் எங்கோ நின்றுவிட, தண்டனை மட்டும் வீடு வந்து சேர்ந்தது.

நான் அதை முப்பது வயதுக்குமேல்தான் படித்தேன். எதிர்பார்த்த அளவுக்குக் கொடுமையான கடிதமில்லை. எழுதியவர் தயங்கியிருக்கிறார், வருந்தியிருக்கிறார் என்று தெரிகிறது. கருத்தடை எளிதாகிவிட்டால் ஆண் தன் மனைவியை வெறும் கருவியாக நினைக்கத் தொடங்கிவிடுவான் என்று அதில் அஞ்சுகிறார். அரசாங்கங்கள் இதைக் கையிலெடுத்து மக்கள்மேல் திணித்தால் யார் தடுப்பது என்றும் கேட்கிறார். இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏழே ஆண்டில் நம் நாட்டில் நெருக்கடி நிலை வந்தது. 1976–77 ஆகிய ஒரே நிதியாண்டில் எண்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. பெரும்பாலும் ஆண்களுக்கு, பலருக்குக் கட்டாயத்தின்பேரில். அந்தக் கோபத்தில் அரசு கவிழ்ந்தது. அதற்குப் பிறகு கத்தி பெண்கள் பக்கம் திரும்பியது, இன்றுவரை திரும்பியே இருக்கிறது. பெண்களுக்காக எந்த அரசும் கவிழவில்லை. ஆகையால் ரோமாபுரிக் கடிதத்தை மட்டும் வில்லனாக்கி எழுத எனக்கு மனம் வரவில்லை. சாமியாரும் சர்க்காரும் மாறி மாறி எழுதிய பலகை என் அம்மாவின் வயிறு.

ஆனாலும் அந்த மடல் ஓரிடத்தில் என்னிடம் தோற்றுவிடுகிறது. இயற்கையாகக் கரு தங்காத நாட்களைப் பார்த்து நடந்துகொள்ளலாம், அதில் பாவமில்லை என்கிறது. சரி, கதவுக்குப் பின்னால் மாட்டிய காலண்டரில் அம்மா நாளைக் குறித்துக்கொள்ளலாம். கூலி வாங்கிக் குடித்துவிட்டு வரும் மனிதர் அந்தக் காலண்டரைப் பார்க்க வேண்டுமே! கணவனும் மனைவியும் சேர்ந்து முடிவெடுப்பதாக அந்த மடலின் பக்கங்கள் முழுக்க வருகிறது. துணையின் நிலையையும் நியாயமான விருப்பத்தையும் பாராமல் திணிக்கும் உறவு உண்மையான அன்பின் செயல் அல்ல என்று அதில் ஒரு வரி உண்டு; ஆனால் ‘வேண்டாம்’ என்ற சொல்லைக் கணவன் மீறினால் ஒருத்திக்கு என்ன பாதுகாப்பு என்பதற்குப் பதில் அதற்குள் இல்லை. நம் சட்டத்துக்குள்ளேயே இன்னும் இல்லை. மனைவிமேல் கணவன் செய்யும் வன்புணர்ச்சியை 2023-ல் எழுதிய புதிய குற்றவியல் சட்டமும் விலக்கித்தான் வைத்திருக்கிறது.

இந்த மடல் பிறந்த கதையைத் தோண்டியபோதுதான் என் கேள்விக்கு ஓர் உருவம் கிடைத்தது. கருத்தடை பற்றி ஆராய இருபத்துமூன்றாம் ஜான் 1963-ல் ஆறு பேர் கொண்ட குழுவை அமைத்தார். ஆறாம் பவுல் அதைப் பெரிதாக்கினார். மருத்துவர்கள், இறையியலாளர்கள், மணமான தம்பதிகள் என உறுப்பினர் எண்ணிக்கை எழுபதைத் தாண்டியது. சிகாகோவின் பேட் க்ரோலி, பேட்டி க்ரோலி தம்பதியும் அதில் இருந்தார்கள். கத்தோலிக்கக் குடும்ப இயக்கம் ஒன்றை நடத்தியவர்கள். கருத்தரங்குக்காக ரோமுக்குப் போனபோது கணவரை ஒரு கல்லூரியிலும் மனைவியைக் கன்னியர் மடத்திலும் தங்கவைத்தார்களாம். திருமணத்தைப் பற்றிப் பேச அழைத்த இடத்தில்!

பேட்டி பல நாட்டுக் கத்தோலிக்கத் தம்பதிகளிடம் கேட்டுக் கடிதங்களைச் சேர்த்துக் கொண்டுபோனார். சபை சொல்லிய நாள்முறையை நேர்மையாகக் கடைப்பிடித்து, அச்சத்தோடும் களைப்போடும் வாழ்ந்த பெண்களின் கடிதங்கள். 1966-ல் குழுவின் பெரும்பான்மை, பழைய தடையை மாற்றலாம் என்றது. குழுவிலிருந்த ஆயர்களில் ஒன்பது பேர், கருத்தடை தன்னளவிலேயே தீமையானது அல்ல என்று வாக்களித்தார்கள். மூன்று பேர் தீமை என்றார்கள், மூன்று பேர் நடுநிலை. அடுத்த ஆண்டே இந்த அறிக்கைகள் கசிந்து பத்திரிகைகளில் வந்துவிட்டன. விசுவாசிகள் மாற்றம் வரும் என்று நம்பியிருந்தார்கள். ஓராண்டு கழித்து வந்த சுற்றுமடல் மாற்றம் இல்லை என்றது.

ஏன்? குழுவுக்குள் முழு உடன்பாடு இல்லை, தானே ஆராய்ந்து முடிவெடுக்கும் கடமையிலிருந்து குழுவின் முடிவு தன்னை விடுவிக்காது என்று போப் காரணம் சொல்கிறார். ஆனால் சிறுபான்மையினரின் வாதத்தைப் படித்தால் உள்ளே இருந்த முள் தெரியும். 1930-ல் ஆங்கிலிக்கன் ஆயர்கள் கருத்தடையை ஓரளவு ஏற்றார்கள். அதே ஆண்டின் கடைசி நாளில் பதினோராம் பயஸ் அதைக் கண்டித்துச் சுற்றுமடல் எழுதினார். இப்போது மாற்றினால், தூய ஆவி அன்று ஆங்கிலிக்கன் பக்கம் இருந்தார் என்று ஆகிவிடாதா? என்ன அருமையான கேள்வி! ஒரு கடிதத்தின் மானத்தைக் காப்பாற்ற இன்னொரு கடிதம். நடுவில் ஒருத்தியின் ரத்தப்போக்கு எங்கே வருகிறது?

அப்படியானால் சுற்றுமடல்கள் மாறினதே இல்லையா? மாறியிருக்கின்றன. பதினான்காம் பெனடிக்ட் 1745-ல் கடனுக்கு வட்டி வாங்குவதைக் கண்டித்தார். இன்று வத்திக்கானுக்கே வங்கி இருக்கிறது. மனசாட்சியின் சுதந்திரம் எல்லாருக்கும் உண்டு என்ற எண்ணத்தைப் பித்து என்று 1832-ல் பதினாறாம் கிரகோரி ஏசினார். 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமயச் சுதந்திரத்தை மனித உரிமையாக ஏற்றது. யாரும் பழைய கடிதத்தைக் கிழித்துப்போடவில்லை. அடுக்கில் பின்னால் தள்ளிவைத்தார்கள், அவ்வளவுதான். வட்டிக்காரருக்கும் அரசியல் சுதந்திரம் கேட்ட ஆண்களுக்கும் கிடைத்த இந்த மறதி கர்ப்பப்பைக்கு மட்டும் கிடைக்கவில்லை.

இங்கே ஒரு மறுப்பையும் சொல்லிவிட வேண்டும். அந்த மடலை முழு அறிவோடு ஆதரித்த பெண்கள் உண்டு. எலிசபெத் ஆன்ஸ்கோம்ப் இருபதாம் நூற்றாண்டின் பெரிய மெய்யியலாளர்களில் ஒருவர். ஏழு பிள்ளைகளின் தாய். ஹிரோஷிமாவில் குண்டு போட உத்தரவிட்ட ட்ரூமனுக்கு ஆக்ஸ்ஃபோர்டு பட்டம் கொடுக்கக் கூடாது என்று 1956-ல் எதிர்த்து எழுந்தவர். அவர் கருத்தடைத் தடையை நியாயப்படுத்தி எழுதினார். அவரை ஏமாந்தவர் என்று தள்ள எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் அவர் படித்து, எடைபோட்டு, ஒப்பினார். ஒப்புதல் என்றால் அது. என் அம்மாவிடம் யார் ஒப்புதல் கேட்டார்கள்? ஒருத்தியைக் கேட்காமலே அவளுக்கு விதித்த விதி அவள் மனசாட்சியைக் கட்டுமா என்பதுதான் என் கேள்வி. ஜான் ஹென்றி நியூமன் என்ற பெரிய கத்தோலிக்கரே 1875-ல் மனசாட்சியைப் போப்புக்கு முன்னால் வைத்தார். 1968 செப்டம்பரில் கனடா ஆயர்கள், முயன்றும் இந்தப் போதனையை ஏற்க முடியாமல் மனசாட்சிப்படி நடப்பவர்களைச் சபையிலிருந்து விலகியவர்களாக எண்ண வேண்டாம் என்று அறிவித்தார்கள். வின்னிபெக்கில் சொன்னது தூத்துக்குடிக்கு வந்து சேரவில்லை. எல்லாக் கடிதமும் ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை.

சுற்றுமடல்களால் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1937-ல் நாஜி அரசுக்கு எதிராக ஜெர்மன் மொழியிலேயே எழுதி, ரகசியமாக உள்ளே கொண்டுபோய், குருத்து ஞாயிறன்று கோவில்களில் வாசித்த மடலை நினைத்தால் இன்றும் சிலிர்க்கும். 1891-ல் பதின்மூன்றாம் லியோ தொழிலாளிக்கு நியாயமான கூலியும் சங்கம் சேரும் உரிமையும் வேண்டும் என்று எழுதினார். எங்கள் ஊர்ச் சங்கத்துக்காரர்கள் சிலர் மார்க்ஸோடு சேர்த்துச் சிங்கராயரையும் பேசுவார்கள். அந்த மடலிலும் பெண்ணின் இயல்புக்கு ஏற்றது வீட்டுவேலை என்று ஒரு வரி இருக்கிறது. வெயிலில் பாத்தியில் நின்று பாதம் வெடித்து உப்பு வாரிய பெண்களைச் சிங்கராயர் பார்த்ததில்லை, பாவம். 2020-ல் வந்த மடலுக்கு ‘சகோதரர்கள் அனைவரும்’ என்று பொருள்படும் இத்தாலியத் தலைப்பு. சகோதரிகள் எங்கே என்று பெண்கள் கேட்டார்கள். அது புனித பிரான்சிஸ் அசிசியின் சொல், மாற்ற முடியாது என்று பதில் வந்தது. தமிழில் ‘உடன்பிறந்தோர்’ என்று சொல்லித் தப்பிவிடலாம். நம் பலர்பாலில் ஆணும் பெண்ணும் அடக்கம். இலக்கணத்தில் அடங்குவது எங்களுக்குப் பழக்கம்தான்.

கடிதம் மேலிருந்து கீழே மட்டும்தான் வர வேண்டுமா? பதினான்காம் நூற்றாண்டில் சியெனா நகரத்துச் சாயக்காரர் வீட்டில், இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளில் ஒருத்தியாகக் கத்தரீன் பிறந்தாள். அவள் அக்கா பிரசவத்தில் செத்துப்போனாள். வீட்டில் இவளுக்குக் கல்யாணப் பேச்செடுத்தபோது தலைமுடியை வெட்டிக்கொண்டாள். எழுதப் படிக்க முறையாகக் கற்காதவள், சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள். சுமார் 380 கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. அவிஞோனில் சொகுசாக இருந்த பதினோராம் கிரகோரிக்கு, ரோமுக்குத் திரும்பி வா, ஆண்மகனாக நட என்று தகப்பனைக் கடிந்துகொள்ளும் மகள்போல எழுதினாள். 1377 ஜனவரியில் அவர் ரோமுக்குத் திரும்பினார். இந்தக் கத்தரீனுக்கு 1970-ல் திருச்சபையின் மறைவல்லுநர் பட்டம் கொடுத்தவர் வேறு யாருமில்லை, ஆறாம் பவுல்தான். அறுநூறு ஆண்டுக்கு முன் போப்புக்கு எழுதியவளைப் பீடத்தில் ஏற்றியவர், நான்கு ஆண்டுக்கு முன் தன் குழுவுக்கு எழுதிய பெண்களை ஓரமாக வைத்தார். ஹுமானே வீட்டேக்குப் பிறகு பத்தாண்டு வாழ்ந்தும் அவர் இன்னொரு சுற்றுமடல் எழுதவில்லை. அவருக்கும் கை நடுங்கியிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அம்மா மறுபடி நன்மை வாங்கியதை நான் பார்த்தேன். ஓர் ஈஸ்டர் பூசையில், யாரும் சொல்லாமல், எழுந்து வரிசையில் போய் நின்றாள். எனக்குப் பதின்மூன்று வயது. வீட்டுக்கு வந்து, “சாமியார் சரின்னு சொல்லிட்டாராம்மா?” என்று கேட்டேன். “இல்ல. உக்காந்து உக்காந்து காலு மரத்துப் போச்சு. எந்திச்சிட்டேன்” என்றாள்.

இந்தக் கட்டுரைக்காகப் போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் அந்த மடலின் சில பத்திகளைத் தமிழாக்கி வாசித்துக் காட்டினேன். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“இத எழுதுனவரு இருக்காரா?”

“இல்லம்மா. நான் பொறந்த வருசமே போயிட்டாரு.”

“ம்.” கொஞ்ச நேரம் கழித்து, “யாரும் பதில் எழுதலியா?” என்றாள்.

சிகாகோ அம்மாளைப் பற்றிச் சொன்னேன். பெண்களிடம் கேட்டுச் சேர்த்த கடிதங்களை ரோம் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனதைச் சொன்னேன்.

“அந்தக் கடுதாசியெல்லாம் இப்ப எங்க?”

“அந்த அம்மாவோட காயிதமெல்லாம் அமெரிக்கால ஒரு பல்கலைக்கழகத்துல இருக்காம். பெட்டில போட்டு வச்சிருக்காங்க.”

“பத்திரமா இருக்கா?”

“இருக்கும்மா.”

சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.